புதுச்சேரிக் கரையில் இரண்டாகத் தெரிந்த மஞ்சள் விண்மீன்

கத்திரி வெயில் முடியும் மே மாதக் கடைசியில், இரவு பத்தரை மணி வாக்கில், விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ தெற்கு நோக்கி நின்றால் அடிவானத்துக்கு மேலே சுமார் 17 பாகை உயரத்தில் ஒரு பிரகாசமான விண்மீன் தெரியும். அதன் வலப்புறத்தில் சற்றுத் தள்ளி இன்னொன்று. அதற்கும் அப்பால் மேற்கே சாய்ந்த தென்சிலுவை. முதலில் சொன்னது ஆல்ஃபா சென்டாரி. இரவு வானத்தின் விண்மீன்களில் சிரியஸுக்கும் அகத்திய விண்மீனுக்கும் அடுத்து மிகுந்த ஒளியுடையது இதுதான். வெறுங்கண்ணுக்கு ஒற்றைப் புள்ளியாகத் தோன்றினாலும் அது ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்மீன்கள். அவற்றில் பெரியது நிறத்திலும் வெப்பத்திலும் எடையிலும் சூரியனை ஒத்தது. வானியலாளர் சூரியனுக்குக் கொடுத்திருக்கும் ‘ஜி2வி’ என்ற வகைப்பெயரையே அதற்கும் கொடுத்திருக்கிறார்கள். சூரியனுக்கு உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க விண்மீன்களில் நமக்கு மிக அருகில் இருப்பது அது, தொலைவு 4.37 ஒளியாண்டு.

டெல்லியில் இந்த விண்மீன் அடிவானத்தை ஒட்டியே நகர்ந்து புழுதியில் மறைந்துவிடும். பாரிஸிலும் லண்டனிலும் அது உதிப்பதே இல்லை. எனவே, ஐரோப்பாவில் தொலைநோக்கி பழக்கத்துக்கு வந்து எண்பது ஆண்டுகள் ஆன பிறகும் அது இரண்டு விண்மீன்கள் என்று கண்டவர் எவருமில்லை. கண்டது 1689 டிசம்பரில், கண்ட இடம் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நாற்பது கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கும் புதுச்சேரி.

அந்தக் காலத்தில் இந்த வட்டாரம் முழுவதும் செஞ்சிக் கோட்டையின் பார்வையில் இருந்தது. சிவாஜி 1677இல் செஞ்சியைப் பிடித்த பின், கடற்கரையில் பிரெஞ்சு வணிகர்கள் நடத்திவந்த சிறு குடியிருப்பும் மராட்டிய அதிகாரத்தின் கீழ் வந்தது. 1689ஆம் ஆண்டின் இறுதியில் சிவாஜியின் மகன் ராஜாராம், முகலாயப் படையிடமிருந்து தப்பி, தெற்கே வந்து செஞ்சிக்குள் புகுந்தார். அடுத்த சில ஆண்டுகளுக்கு மராட்டியரின் தலைநகரே அதுதான். நாடு போருக்குத் தயாராகிக்கொண்டிருந்த அதே வாரங்களில் புதுச்சேரியில் ழான் ரிஷோ என்ற இயேசு சபைப் பாதிரியார் விடியற்காலையில் எழுந்து தொலைநோக்கியைத் தென்கிழக்கே திருப்பிக்கொண்டிருந்தார்.

ரிஷோ புதுச்சேரிக்கென்று அனுப்பப்பட்டவர் அல்லர். கணிதமும் வானியலும் கற்ற பிரெஞ்சு இயேசு சபையாரின் ஒரு குழுவைப் பதினான்காம் லூயி மன்னர் சயாம் நாட்டுக்கு அனுப்பினார்; அக்குழுவில் ஒருவராகச் சென்றவர் அவர். 1688இல் சயாமில் ஆட்சி கவிழ்ந்து பிரெஞ்சுக்காரர்கள் வெளியேற்றப்பட்டபோது கருவிகளோடு சோழமண்டலக் கரைக்கு வந்து சேர்ந்தார். அந்த டிசம்பரில் தென்வானில் ஒரு வால்மீன் தோன்றியது. அதைத் தொடர்ந்து கவனித்துவந்தபோதுதான் பக்கத்தில் இருந்த ஆல்ஃபா சென்டாரி அவருடைய தொலைநோக்கிக்குள் வந்தது. மார்கழி முன்பகுதியில் அந்த விண்மீன் விடிவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பு தென்கிழக்கில் உதிக்கும். கிழக்கு வெளுப்பதற்குள் கிடைக்கும் நேரம் கொஞ்சமே. அந்தக் கொஞ்ச நேரத்தில் அது ஒன்றல்ல, இரண்டு என்று ரிஷோ கண்டுகொண்டார்.

இதில் கண்ணுக்கு எட்டாதது எது என்பதை எண்ணிக்கையில் சொல்லலாம். ஒரு பாகையை 60 கலைகளாகவும், ஒரு கலையை 60 விகலைகளாகவும் பிரிப்பது வழக்கம். நல்ல பார்வை உள்ளவர் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளி சுமார் ஒரு கலை, அதாவது 60 விகலை. ரிஷோவின் காலத்தில் ஆல்ஃபா சென்டாரியின் இரு மீன்களுக்கும் இடையே இருந்தது சில விகலைகளே. தென்வானத்தில் இரட்டை என்று இதற்கு முன் கண்டறியப்பட்டது தென்சிலுவையின் அடிமீன் மட்டுமே. 1685இல் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் ஃபோந்தனே என்ற மற்றோர் இயேசு சபையார் கண்டது. இந்திய மண்ணிலிருந்து தொலைநோக்கி வழியாக நடந்த முதல் விண்மீன் கண்டுபிடிப்பு என்ற இடம் ரிஷோவுடையதற்கு உண்டு. தான் கண்டது சூரியனின் சாயலுள்ள ஒரு விண்மீன் என்பதை அவர் அறிய வழியே இல்லை. அதைச் சொல்வதற்கு வேண்டிய அறிவு உருவாக இன்னும் இருநூறு ஆண்டுகள் தேவைப்பட்டன.

இதே கரையில் சூரியனை வேறொரு வகையில் அளந்த மரபும் உயிரோடு இருந்தது. 1769இல் சூரியனைக் கடக்கும் வெள்ளியைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்து, மேகம் மறைத்ததால் ஏமாந்துபோன லெ ஜாந்தி, இங்கே தங்கிய காலத்தில் உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணக்கைக் கற்றுக்கொண்டு அதை பிரெஞ்சில் எழுதினார். ஜான் வாரன் சென்னையில் 1825இல் வெளியிட்ட ‘காலசங்கலித’ நூலில், புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களை எண்ணாக மாற்றி, அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை விவரிக்கிறார். தாளும் எழுதுகோலும் இல்லாத கணக்கு. கிரகணத் தொடக்கத்துக்கு அதில் வந்த பிழை நான்கு நிமிடம். நடுவுக்கு 23 நிமிடம். முடிவுக்கு 52 நிமிடம். மனப்பாடத்தில் வாழ்ந்த ஒரு முறை தலைமுறைகளைக் கடந்து இந்தத் துல்லியத்தோடு நின்றது பெரிய சாதனை. ஆனால் அந்தக் கணக்கு சூரியன் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லுமே தவிர, சூரியன் எதனால் ஆனது என்ற கேள்வி அதற்குள் எழவில்லை. அக்காலத்து ஐரோப்பிய வானியலும் அந்த வகையில் மேம்பட்டது அல்ல. சூரியன் ஒரு விண்மீன் என்று ஊகித்தார்கள், நிறுவ முடியவில்லை.

நிறுவுவதற்கு முதலில் தொலைவு தெரிய வேண்டும். நன்னம்பிக்கை முனையில் தாமஸ் ஹெண்டர்சன் 1832, 1833ஆம் ஆண்டுகளில் ஆல்ஃபா சென்டாரியை அளந்து, அதன் தொலைவை 1839இல் வெளியிட்டார். இவ்வளவு தொலைவிலிருந்தும் இவ்வளவு ஒளியோடு தெரிகிறதென்றால் அது சூரியனுக்கு நிகரான ஒளியுடையதாக இருக்க வேண்டும் என்பது அப்போது தெளிவாயிற்று. பிறகு எடை. இரு மீன்கள் ஒன்றையொன்று சுற்றுவதால், சுற்றும் காலமும் இடைவெளியும் கிடைத்தால் எடையைக் கணக்கிட்டுவிடலாம். இந்தச் சுற்றுப்பாதையைக் கணக்கிட்டவர்களில் ஒருவர், 1850களில் சென்னை நுங்கம்பாக்கம் வானோக்கு நிலையத்தின் தலைவராக இருந்த வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட சுற்றுக்காலம் ஏறத்தாழ 80 ஆண்டுகள். பெரிய மீனின் எடை சூரியனைப் போல் 1.1 மடங்கு, சின்னது 0.9 மடங்கு. ஜேக்கப் 1855இல் இன்னொரு இரட்டை மீனான 70 ஒஃபியூக்கியின் பாதையில் ஒரு பிசகைக் கண்டு, அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் இருக்கக்கூடும் என்றும் எழுதினார். அந்த முடிவு பின்னால் நிற்கவில்லை. ஆயினும் சூரியனுக்கு அப்பால் ஒரு கோளை அளவீட்டின் பேரில் தேடும் எண்ணம் முதன்முதலில் அச்சேறியது சென்னையிலிருந்துதான் என்பது நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

தொலைவும் எடையும் கிடைத்தன, பொருள் தெரியவில்லை. அதைத் திறந்துவிட்டது நிறமாலை. வெயிலை ஒரு முப்பட்டகத்தின் வழியே பிரித்தால் வரும் வண்ணப்பட்டையில் நூற்றுக்கணக்கான கறுப்புக் கோடுகள் இருப்பதை ஜெர்மானியக் கண்ணாடிக் கலைஞர் ஃபிரான்ஹோஃபர் 1814இல் வரைந்து காட்டினார். முக்கியமான கோடுகளுக்கு எழுத்துகளைப் பெயராக வைத்தார். ஒவ்வொரு கோடும் ஒரு தனிமத்தின் கைரேகை என்று 1859இல் கிர்க்காஃப் விளக்கினார். 1868 ஆகஸ்ட் 18 அன்று இந்தியாவின் குறுக்கே முழுச் சூரிய கிரகணம் வந்தபோது, சென்னை நிலையத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் நின்று சூரிய விளிம்பின் நிறமாலையைப் பார்த்தார். அதிலிருந்த மஞ்சள் கோடு, எல்லோரும் அறிந்த சோடியத்தின் மஞ்சள் கோட்டோடு சரியாகப் பொருந்தவில்லை. அது ஹீலியத்தின் கோடு. பூமியில் அந்தத் தனிமம் கிடைக்க 1895 வரை காத்திருக்க நேர்ந்தது. விண்மீன்களின் ஒளி அளவைக் குறிக்க இன்றும் உலகெங்கும் புழங்கும் பொலிவெண் வாய்ப்பாட்டை 1856இல் முன்மொழிந்தவரும் இதே போக்சன்தான்.

விண்மீன்களை நிறமாலையால் வகை பிரிக்கும் வேலையைப் பெரிய அளவில் தொடங்கியவர் ரோம் நகரத்து ஆஞ்சலோ செக்கி. அவரும் இயேசு சபையார். 1860களில் அவர் வகுத்த வகைகளில் முதலாவது வெண்ணீல மீன்கள். இரண்டாவது மஞ்சள் மீன்கள்: மெல்லிய உலோகக் கோடுகள் நெருங்கிக் கிடப்பவை. சூரியன், கபெல்லா, சுவாதி எல்லாம் இதில் சேர்ந்தன. கண்ணுக்குத் தெரியும் நிறத்தோடு ஒத்துப்போன எளிய பிரிவு அது. ஆனால் பிரச்சினை உள்ளே இருந்தது. சுவாதி சூரியனைவிடக் குளிர்ந்தது, குறுக்களவில் இருபது மடங்குக்கு மேல் பெரியது. அதையும் சூரியனையும் ஒரே பெட்டியில் போட்டால் பெட்டிக்கு அர்த்தமில்லை.

கண்ணால் பார்க்கும் நிறமும் நம்பத்தக்கதல்ல. விழுப்புரத்து வானில் 17 பாகை உயரத்தில் நிற்கும் ஆல்ஃபா சென்டாரியின் ஒளி, தலைக்கு மேலே உள்ள விண்மீனின் ஒளியைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீலம் சிதறிப்போய், இருப்பதைவிட மஞ்சளாகவே அது கண்ணில் படும். காற்றுக்கு வெளியே போனால் சூரியனே வெள்ளையாகத்தான் தெரியும். ‘மஞ்சள் விண்மீன்’ என்ற வழக்கு நிலைத்துவிட்டது. வகைப்பாடோ நிறத்தை விட்டுவிட்டுக் கோடுகளைப் பற்றிக்கொண்டது.

அந்த மாற்றம் நடந்தது அமெரிக்காவின் ஹார்வர்டு வானோக்கு நிலையத்தில். எட்வர்ட் பிக்கரிங்கின் கீழ் வேலை பார்த்த பெண்கள், ஆயிரக்கணக்கான கண்ணாடித் தகடுகளில் பதிந்த நிறமாலைகளை உருப்பெருக்கியால் ஒவ்வொன்றாகப் படித்தார்கள். வில்லியமினா ஃபிளெமிங் 1890இல் ஆங்கில எழுத்து வரிசையில் வகைகளுக்குப் பெயர் வைத்தார். ஆனி ஜம்ப் கேனன் தேவையற்றவற்றை நீக்கி, வெப்பம் குறையும் ஒழுங்கில் ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று மாற்றி அடுக்கினார். 1901இல் வெளிவந்த அந்த ஒழுங்கு, பெரு நாட்டின் அரெக்கிபா நிலையத்தில் படம்பிடித்த 1,122 தென்வான விண்மீன்களை வைத்துச் செய்யப்பட்டது. புதுச்சேரியில் ரிஷோ பார்த்த வானம்தான், கருவி மட்டும் வேறு. 1918 முதல் 1924 வரை வெளியான ஹென்றி டிரேப்பர் பட்டியலில் கேனன் 2,25,300 விண்மீன்களை வகைப்படுத்தினார்.

தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த நட்சத்திரங்களை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் அது எளிதில் பிடிபடும். சித்திரை பி வகை, நீல வெண்மை, 20,000 கெல்வினுக்கு மேல் வெப்பம். திருவோணம் ஏ வகை. சுவாதியும் ரோகிணியும் கே வகை, இளஞ்சிவப்பு கலந்த மஞ்சள். திருவாதிரையும் கேட்டையும் எம் வகை, சிவப்பு. இந்தப் பெயர் பெற்ற மீன்கள் கண்ணைக் கவர்வதற்குக் காரணம், அவை மிகுந்த வெப்பமுடையவை, அல்லது ஊதிப் பெருத்தவை என்பதே. சூரியனைப் போன்ற நடுத்தர ஜி வகை மீனைக் கொஞ்சம் தள்ளி வைத்தாலும் மங்கிவிடும். நூறு ஒளியாண்டுக்கு அப்பால் வைத்தால் வெறுங்கண்ணுக்கே தெரியாது. ஆல்ஃபா சென்டாரி இவ்வளவு ஒளிர்வது நெருக்கத்தால் மட்டுமே.

ஜி வகையின் அடையாளங்கள் இவை. ஊதா முனையில் 393, 397 நானோமீட்டர் அலைநீளங்களில் இரண்டு அகலமான கறுப்புப் பட்டைகள். ஃபிரான்ஹோஃபர் வரிசையில் கே, எச் என்று பெயர் பெற்றவை, ஓர் எலக்ட்ரானை இழந்த கால்சியத்தால் ஆனவை. 430 நானோமீட்டர் அருகே, கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த மூலக்கூறு உண்டாக்கும் ஒரு நிழல். இரும்பின் எண்ணற்ற மெல்லிய கோடுகள். ஹைட்ரஜன் கோடுகள் இருக்கும், ஆனால் ஏ வகையில் இருக்கும் கம்பீரம் இருக்காது. ஹைட்ரஜனுக்கும் இரும்புக்கும் உள்ள விகிதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பார்த்து ஜி0 முதல் ஜி9 வரை உட்பிரிவு செய்கிறார்கள். மேற்பரப்பு வெப்பம் சுமார் 6,000 கெல்வினில் தொடங்கி 5,300 வரை இறங்குகிறது. சூரியன் 5,772, ஆல்ஃபா சென்டாரியின் பெரிய மீன் அதற்கு மிக அருகில். சின்ன மீன் 5,200 சுமாரில் இருப்பதால் கே1 ஆகிவிட்டது.

கோடுகள் ஏன் இப்படி மாறுகின்றன? கேனனின் வரிசையில் ஒழுங்கு இருந்தது, காரணம் இல்லை. காரணத்தைக் கொடுத்தவர் மேக்நாத் சாஹா. டாக்கா அருகே ஒரு சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்து, கல்கத்தாவில் பணியாற்றிய அவர், 1920இல் வெளியிட்ட சமன்பாட்டில், வெப்பமும் அழுத்தமும் இவ்வளவு இருந்தால் அணுக்களில் எவ்வளவு பங்கு எலக்ட்ரானை இழந்திருக்கும் என்று கணக்கிட வழி சொன்னார். சூரிய வெப்பத்தில் கால்சியம் எளிதாக எலக்ட்ரானை இழக்கும். அதனால்தான் அந்த இரண்டு பட்டைகள் அவ்வளவு கறுத்திருக்கின்றன. அதே வெப்பத்தில் ஹைட்ரஜன் அணுக்களில் மிகச் சிறு பங்கே ஒளியை விழுங்கத்தக்க நிலையில் இருக்கும். சூரியனில் கால்சியம் மிகுதி என்று பொருளல்ல. இந்தச் சமன்பாட்டைப் பிடித்துக்கொண்டு சிசிலியா பெய்ன் 1925இல், விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்று காட்டினார். விண்மீன் வகைப்பாட்டின் வரலாற்றில் சாஹாவின் இடம் கேனனுடைய இடத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல.

மீதமிருந்தது சுவாதிக்கும் சூரியனுக்கும் நடுவே இருந்த அளவு வேறுபாடு. வெப்பம் ஒன்றாக இருந்தாலும் பெருத்த மீனின் வெளிவளி அடர்த்தி குறைந்தது. அதனால் சில கோடுகள், குறிப்பாக ஸ்ட்ரான்ஷியத்தின் கோடு, வலுத்துவிடும். இதை அளவுகோலாகக் கொண்டு மார்கன், கீனன், கெல்மன் மூவரும் 1943இல் ஒளிர்வு வகைகளைச் சேர்த்தார்கள். ரோமானிய எண் ஒன்று மீப்பெரு மீன்; மூன்று பெருமீன்; ஐந்து, ஹைட்ரஜனை ஹீலியமாக எரித்துக்கொண்டு நிதானமாக வாழும் முதன்மை வரிசை மீன். ‘ஜி2வி’யின் கடைசி எழுத்து அந்த ஐந்துதான். சூரியனைச் சுற்றியுள்ள முதன்மை வரிசை மீன்களில் ஜி வகை நூற்றுக்கு ஏழு அளவே; எம் வகைச் செங்குறுமீன்களே பெரும்பான்மை.

சூரியனின் அந்தக் கால்சியக் கோட்டை நூறாண்டுக்கு மேல் படம்பிடித்த இடம் கொடைக்கானல். 1876–78இன் தாது வருடப் பஞ்சம் தென்னாற்காடு உட்படச் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பிறகு, பஞ்சக் குழு, மழைக்கும் சூரியனுக்கும் உள்ள தொடர்பை அறியச் சூரியனை ஒழுங்காகக் கவனிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கொடைக்கானல் சூரிய நிலையம் 1899இல் எழுந்ததற்குப் பின்னால் பட்டினியால் செத்த லட்சக்கணக்கானோர் இருக்கிறார்கள். அந்த நிலையத்துக்கு 1960இல் தலைவராக வந்தவர், 1927இல் சென்னையில் பிறந்த வைணு பாப்பு.

பாப்புவும் ஒலின் வில்சனும் 1957இல் வெளியிட்ட ஆய்வு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு மீன்களைப் பற்றியது. அகன்ற கறுப்புக் கே பட்டையின் நடுவே ஒரு மெல்லிய ஒளிக்கீற்று இருக்கும். அதன் அகலத்தை 185 மீன்களில் அளந்து பார்த்தபோது, மீன் எவ்வளவு ஒளி மிக்கதோ அவ்வளவு அந்தக் கீற்று அகலம் என்று தெரிந்தது. ஜியா கேயா எம்மா என்ற வேறுபாடு அதைப் பாதிக்கவில்லை. கீற்றின் அகலத்திலிருந்து உண்மையான ஒளிர்வும், அதிலிருந்து தொலைவும் கிடைத்துவிடும். இந்த அளவுகோலை நிலைநிறுத்தப் பயன்பட்ட மீன்களில் ஒன்று சூரியன். வில்சன்-பாப்பு விளைவு என்ற பெயரோடு அது பாடநூல்களில் இருக்கிறது.

பாப்பு அத்தோடு நிற்கவில்லை. தென்வானம் நன்றாகத் தெரியும், ஊர் வெளிச்சம் இல்லாத ஓர் இடத்தைத் தேடி, ஜவ்வாது மலைக் காட்டுக்குள் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். திண்டிவனத்திலிருந்து மேற்கே நேர்க்கோட்டில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியும் 1972இல் 102 சென்டிமீட்டர் தொலைநோக்கியும் அங்கே நிறுவப்பட்டன. இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்த 234 சென்டிமீட்டர் தொலைநோக்கியைப் பார்க்காமலே 1982இல் அவர் மறைந்தார். 1986இல் அது அவர் பெயரோடு இயங்கத் தொடங்கியது.

இன்று ‘சூரியனைப் போன்ற’ என்ற சொல்லையும் வானியலாளர் மூன்று படிகளாக்கிவிட்டார்கள். எஃப் வகையின் பின்பகுதி முதல் கே வகையின் முன்பகுதி வரை உள்ள முதன்மை வரிசை மீன்கள் வெளிவட்டம். வெப்பமும் உலோக அளவும் நெருங்கியவை அடுத்த வட்டம். எல்லா வகையிலும் பிரித்தறிய முடியாதவை சூரிய இரட்டையர். 1997இல் அந்தப் பெயர் பெற்ற 18 ஸ்கார்ப்பி, விருச்சிகத்தில் மங்கலாக, இருண்ட இரவில் வெறுங்கண்ணுக்கு எட்டும் எல்லையில் இருக்கிறது. ஆல்ஃபா சென்டாரியின் பெரிய மீன் நடு வட்டத்தில் நிற்கிறது: சூரியனைவிட ஒன்றரை மடங்கு ஒளி, சற்று மிகுந்த உலோகம், வயதிலும் கொஞ்சம் மூத்தது.

ரிஷோ கண்ட இரு மீன்களும் அதன் பிறகு நான்கு சுற்று முடித்து ஐந்தாவதில் இருக்கின்றன. 2035இல் அவை ஒன்றையொன்று மிக நெருங்கும். அப்போது இடைவெளி சூரியனுக்கும் சனிக்கோளுக்கும் உள்ள தொலைவைவிடச் சற்றே அதிகமாக இருக்கும். அதற்கு முன் 2029 வாக்கில் பூமியிலிருந்து பார்க்கையில் அவற்றுக்கிடையே சுமார் பத்து விகலை இருக்கும். பள்ளிகளில் வைத்திருக்கும் அளவிலான சிறிய தொலைநோக்கியிலேயே, விழுப்புரத்துத் தென்வானில் அவை மஞ்சளும் ஆரஞ்சுமாகத் தனித்தனியே தெரியும்.